ஒன்றுமில்லாத தேதி

என் அத்தையின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் சீமை ராஜாக்கள். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முகூர்த்தப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு, பந்தல்காரனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, என்றைக்கோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரருக்காகக் கல்யாணத்தை நிறுத்திய குடும்பம் திருநெல்வேலி டவுணில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

1908ஆம் வருஷம் அது. எனக்கு அப்போது எட்டு வயது. எதையும் பொறுக்கமாட்டேன். உலையில் அரிசி போட்டால் உடனே சோறாக வேண்டும் எனக்கு. கல்யாணத்துக்கென்று அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்றுதான் கட்டவேண்டும் என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நாள் தள்ளிப்போகப்போக நான் வளர்ந்தேன், பாவாடை வளரவில்லை. என் கவலை அது. அத்தையின் கவலை என்னவென்று நான் கேட்கவில்லை, அவளும் தானாகச் சொல்கிற ஆள் இல்லை.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. தாயில்லாப் பெண். பதினாறு முடிந்துவிட்டது, அந்தக் காலத்தில் அது தெருவில் நாலு பேர் கேட்கிற வயது. தாத்தா பார்த்திருந்த மாப்பிள்ளைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் தவறாத நஞ்சை. மூத்த தாரம் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளின் மகள் எங்கள் அத்தையைவிட ஒரு வயது மூத்தவள். தாத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நஞ்சைக்கு வயது ஏது?

மாமா என்பது என் அம்மாவின் தம்பி. டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முறைக்கு அத்தையை அவரே கட்டியிருக்கலாம். வாத்தியார் சம்பளத்தில் நஞ்சை கிடையாது, அதனால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவரிடம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு பாதிரியாரின் சாமான்களைப் பாளையங்கோட்டையில் ஏலம் விட்டபோது எடுத்தது. வருஷத்தில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். அந்தத் தேதியில் எந்தக் காலத்தில் உலகத்தில் எங்கே என்ன நடந்திருந்தாலும் அதில் இருக்கும். சாப்பிட உட்காரும்போதே, "இன்னைக்கு என்ன தேதி தெரியுமா ஏட்டி?" என்று என்னிடம் ஆரம்பிப்பார். எங்கோ ஒரு பட்டணம் எரிந்திருக்கும், எங்கோ ஒரு கப்பல் புதுக்கரை கண்டிருக்கும். இருநூறு வருஷம் முன்பின்னாக நடந்த காரியங்களெல்லாம் ஒரே தேதிக்குள் பந்தியில் உட்கார்ந்தமாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். அத்தை பரிமாறிக்கொண்டே கேட்பாள். மோர் ஊற்றிய பிறகும் மாமா இலையை விட்டு எழுந்திருக்காதது சரித்திரத்தினால் என்றுதான் நினைத்திருந்தேன்.

தை பிறந்ததும் சோசியர் முதல் தேதியைக் குறித்துக் கொடுத்தார். புதன்கிழமை, ஜனவரி இருபத்திரண்டு. தாத்தா சாப்பிடும்போது அதைச் சொன்னார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே பைய, "மாமா, அது நம்ம பழைய மகாராணியம்மா காலமான தேதியில்லா?" என்றார்.

எங்கள் கூடத்தில் சாமி படங்களுக்குச் சரியாகச் சீமை மகாராணி படமும் தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் பொட்டு உண்டு. தாசில்தார் வரப்போகிற கல்யாணத்தில், மகாராணி கண்மூடிய நாளில், நாயனம் ஊதுவதா? தாத்தா கையை உதறிக்கொண்டார். "நல்லவேளை சொன்னீரு வே. மானம் போயிருக்கும்" என்றார். அதோடு விட்டாரா? "இனிமே சோசியர் குறிக்குத தேதிய நீரும் ஒருக்க உம்ம புஸ்தகத்துல பாத்துச் சொல்லிரும்" என்று உத்தரவும் போட்டுவிட்டார். கிரகங்களைப் பார்க்க ஒருவர், ராஜாக்களைப் பார்க்க ஒருவர் என்று ஆயிற்று.

அடுத்தது ஜனவரி முப்பது. மாமா புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தார். இங்கிலாந்து ராஜா ஒருவரை அவருடைய ஜனங்களே தலையை வெட்டிய நாள்.

"எந்த ராசா வே? நம்ம சக்கரவர்த்திக்குச் சொந்தமா?" என்று தாத்தா கேட்டார்.

"சுத்தி வளைச்சுப் பாத்தா சொந்தந்தான் மாமா."

சொந்தம் என்றதும் தாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாவாடை பெட்டியிலேயே கிடந்தது. நான் அன்று முழுவதும் அழுதேன். அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் கோதினாள். அன்று அவள் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று இப்போது நினைத்துப்பார்க்கிறேன். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. என் பாவாடை போச்சே என்று நான் கிடந்து துடிக்கிறேன், கல்யாணப் பெண் பாட்டு முணுமுணுக்கிறாளே!

தை முடிவதற்குள் பொறுமை இழந்து மாப்பிள்ளையின் அண்ணாச்சியே வண்டி பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பொண்ணக் குடுக்குறியளா, இல்ல சீமைக்கு எழுதிக் கேட்டுச் சொல்லுவியளா?" என்று கூடத்தில் நின்றே கேட்டார். தாத்தா அவரைச் சமாதானப்படுத்தி, பிப்ரவரி பன்னிரண்டு என்று முடிவு சொல்லி, சாப்பிட உட்காரவைத்தார். மாமாவும் அதே பந்தியில் இருந்தார்.

அன்று அவரிடம் யாரும் தேதி கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார். "அந்தத் தேதியில ஒரு பொண்ணு கதை இருக்கு" என்றார். பதினாறு, பதினேழு வயதுப் பெண். புத்தகம் என்றால் உயிர். பெரியவர்கள் தங்கள் ஆசைக்கு அவளைக் கொண்டுபோய்ச் சிங்காசனத்தில் உட்காரவைத்தார்கள். வேண்டாம் என்று அழுதாளாம். ஒன்பது நாள்தான் ராணி. பிறகு சிறையில் போட்டு, அந்தத் தேதியில் தலையை வெட்டிவிட்டார்கள். மாமாவுக்குக் கதை சொல்லும்போது எப்போதும் ஒரு குஷி இருக்கும். அன்று அது இல்லை. "கண்ணக் கட்டிவிட்டுட்டாக. தலைய எங்கன வைக்கணும்னு தெரியாம, எங்கன எங்கனன்னு கையால தடவித் தேடிச்சாம்" என்று முடித்தார்.

குழம்புச் சட்டியோடு நின்ற அத்தை அப்படியே நின்றாள். அண்ணாச்சி பாதியில் இலையை மூடினார். "நல்ல நாள் பேசுத எடத்துல என்ன பேச்சு வே இது? இந்தத் தேதி எங்களுக்கு வேண்டாம். மாசி முடியறதுக்குள்ள வேற பாத்தாச் சரி. இல்லன்னா எங்களுக்குப் பொண்ணு கெடைக்காமலா போகும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தாத்தா மாமாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி மாமாவைப் பார்த்தார்.

மாமாவிடம் கேட்காததைத் தாத்தா அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் கிணற்றடியில் அம்மா மாமாவிடம் அழுதுகொண்டிருந்தாள். "அடுத்த தேதிக்கு ஒன் தம்பி வாயத் தொறந்தா, நீயும் அவன்கூடவே கெளம்பீருன்னு சொல்லிட்டாக. ரெண்டு பிள்ளையள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன் தம்பி?" மாமா வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

கடைசித் தேதி மார்ச் பதிமூன்று, வெள்ளிக்கிழமை. தாத்தா வேண்டுமென்றே எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டார். "என்ன வாத்தியாரே, புஸ்தகம் என்ன சொல்லுது?" மாமா மடியில் இருந்த புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல மாமா. வெறும் தேதி" என்றார்.

அத்தை பெரியவர்கள் நடுவில் பேசி நான் பார்த்ததில்லை. அன்று அடுக்களை வாசலில் நின்று, "ஒண்ணுமே இல்லையா அத்தான்?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் மாமா. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை விலக்கிவிட்டார், அது எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

விடியற்காலை முகூர்த்தம். பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது, ஆனாலும் கட்டினேன். தாலி ஏறும்போது மாமா பந்தலில் இல்லை, பள்ளிக்கூடம் போய்விட்டாராம். கல்யாணத்தன்று என்ன பள்ளிக்கூடம் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் பாவாடையைக் கீழே இழுத்துவிட்டாள்.

முந்தின நாள்தான் சுதேசித் தலைவர்களை வெள்ளைக்காரர்கள் பிடித்து அடைத்திருந்தார்கள். பெரியவர்கள் அதைக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் பந்தி நடக்கும்போது ரதவீதியில் கடைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பிறகு கூச்சல். பிறகு கோயில் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பாகப் புகை. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிகிறது என்றார்கள், முனிசிபல் ஆபீஸ் எரிகிறது என்றார்கள். படபடவென்று சத்தம் கேட்டது. எங்கள் கல்யாணத்துக்குத்தான் வேட்டுப் போடுகிறார்கள் என்று நான் கைதட்டினேன். தவசிப்பிள்ளைகள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தாசில்தார் வரவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அத்தையைக் கூண்டு வண்டியில் ஏற்றி, பேட்டை வழியாக அவசர அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். வண்டிக்குள்ளிருந்து அத்தை தெரு முழுவதும் கண்ணால் தேடினாள். என்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து, தெரிகிறமாதிரிக் குதித்துக் குதித்துக் கையை ஆட்டினேன்.

மாமாவை அன்று போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய வகுப்புப் பையன்கள் கூட்டத்தோடு போயிருக்கிறார்கள் என்று கேட்டு, திருப்பிக் கூட்டிவரப் போனவர். ஆவணியில் விட்டார்கள். வேலை போயிருந்தது. எங்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று தாத்தாவும் சொல்லியிருந்தார். தாத்தா வயலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மாமா புறவாசல் வழியாக வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா இலை போட்டாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியுமா?

"மாமா, ஒண்ணுமில்லாத தேதியில இப்ப ஒண்ணு வந்துட்டே. இனிமே புஸ்தகத்துல நம்ம ஊரையும் போடுவாகளா?"

"முன்னாலயே ஒண்ணு இருந்துது ஏட்டி" என்றார். ருஷியா தேசத்துச் சக்கரவர்த்தியை வண்டியில் போகும்போது குண்டு வீசிக் கொன்றது அதே தேதியாம்.

"அப்ப ஏன் இல்லன்னு சொன்னிய?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள். பதில் வராத கேள்வியில் எனக்கு எப்போதும் அக்கறை கிடையாது, அடுத்ததற்குத் தாவினேன். "அப்ப அந்தத் தேதியில ரெண்டு. சக்கரவர்த்தி ஒண்ணு, நம்ம ஊரு ஒண்ணு."

"மூணு" என்றார் மாமா.

மூன்றாவது என்னவென்று எவ்வளவோ நச்சரித்தேன். மோரைக் குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். அதன்பிறகு வீட்டுக்கு வருகிற, இங்கிலீஷ் தெரிந்த அண்ணாச்சிமார் எல்லாரையும் பிடித்துவைத்துக் கேட்டேன். மார்ச் பதிமூன்றில் வேறு என்ன நடந்தது, சீனாவிலா, பிரான்சிலா? ஒருவருக்கும் தெரியவில்லை. தொண்டையில் முள் சிக்கினமாதிரி அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தலைதீபாவளிக்கு அத்தையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அத்தை நிறைய நகை போட்டிருந்தாள், மெலிந்திருந்தாள். மாப்பிள்ளை கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து தாத்தாவோடு பிசானத்துக்கு நாற்று விடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தை அடுக்களையில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, மாமா வந்தாக. ஒங்க கல்யாணத் தேதியில ஒலகத்துல மூணு காரியம் நடந்திருக்காம். ரெண்டு எனக்குத் தெரியும். மூணாவது ஒங்களுக்குத் தெரியுமா?"

அத்தையின் கை நின்றது. "மூணுன்னா சொன்னாக?"

"ஆமா."

"நல்லாக் கேட்டியா? அவுகதான் சொன்னாகளா?"

"ஆமா அத்தை, மூணு."

"இன்னொருக்கச் சொல்லு."

அந்த ஊரில் வாய்க்கால் சத்தத்தில் இவளுக்குக் காது மந்தமாகிவிட்டது போல என்று நினைத்தேன். வீடே அதிரும்படி, "மூணு! மாமா மூணுன்னு சொன்னாக!" என்று கத்தினேன். கூடத்தில் ஊஞ்சல் கிறீச்சிடுவது நின்றது. அம்மா ஓடிவந்தாள்.

"அத்தைக்குக் காது கேக்க மாட்டேங்கு" என்றேன்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா கூடத்துக்குக் கேட்கிறமாதிரி, "எண்ணெ தேச்சுக் குளிச்சதுல காதுல தண்ணி போயிருக்கும், வேற ஒண்ணுமில்ல" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் மறுபடி ஆட ஆரம்பித்தது. அம்மா போய்விட்டாள்.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் காதோடு வாயை வைத்து, கையால் மூடிக்கொண்டு, பைய ஒரு முறை சொன்னேன். "மூணு." கேட்டது என்று தலையாட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பி மற்றக் காதையும் காட்டினாள். அதிலும் தண்ணீர் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதிலும் சொன்னேன்.