அந்தரத்தில் நின்ற சரக்கு

யேசுதாஸ் அங்கிளால் ஒரே இடத்தில் கால்மணி நேரம் உட்கார முடியாது. பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகும் அப்படித்தான். ராயபுரத்தில் அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன். காலையில் பல் துலக்கக் கீழே வரும்போது ஜன்னலோரம் இருப்பார். நான் வாய் கொப்பளிப்பதற்குள் வாசலுக்கு வந்திருப்பார். மறுபடி ஜன்னல். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எழுந்து நின்றுவிடுவார். இடது கையை மட்டும் துண்டுக்குள் மறைத்தே வைத்திருப்பார்.

பத்தொன்பது வயதில் அந்தத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர், பின்னாளில் இருபத்தேழு வருஷம் அங்கேயே கிரேன் ஓட்டினார். அவர் இறக்கி ஒரு சரக்கும் சாய்ந்ததில்லை என்று தெருவே சொல்லும்.

விரல்களை மடக்கிப் பழக்காவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் எச்சரித்து நான்கு மாதம் ஆகிவிட்டது. பிடித்துப் பழக அவர் கொடுத்த ரப்பர் பந்தை அங்கிள் வலது கையால் தெருவில் எறிந்தார். "நான் இன்னா எல்.கே.ஜி. புள்ளையா?" மகள் ஜானட் அக்கா மூன்று முறை பொறுக்கி வந்தார். நான்காம் முறை நாய் கவ்விக்கொண்டு போனது.

அது 2008. நான் கணினியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். செய்யாற்றுப் பக்கம் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் படிப்பால் ஆகாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எனக்கு. கல்லூரி ஆய்வகத்தில் தலையில் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. மாட்டினால், கணினியில் வரைந்த இடத்துக்குள்ளேயே நிற்பது போலிருக்கும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஒரு மாதம் உட்கார்ந்து கிரேன் அறை, கப்பல், கம்பியில் தொங்கும் சரக்கு எல்லாம் வரைந்தேன். இடது கைக்கு ஒரு பிடி வைத்தேன். முன்னால் தள்ளினால் சரக்கு இறங்கும், விரல்களை இறுக்கினால் நிற்கும். தோளை அசைத்துத் தள்ள அவரால் முடியும். விரல் இறுகுமா என்பதுதான் கேள்வி. பேராசிரியரிடம் கெஞ்சி, கண்ணாடியையும் கணினியையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

மாட்டியதும் அங்கிள் அப்படியும் இப்படியும் பார்த்தார். "அட, கப்பலு! ஆளைக் காணோமே?"

"எந்த ஆளு அங்கிள்?"

"கை காட்டுறவன்டா. மேலேர்ந்து பாத்தா கப்பலு வவுத்துக்குள்ள இன்னா தெரியும்? கீழ ஆளுங்க நின்னுகினுருந்தா?"

"படத்துல யாரும் இல்லீங்க. சும்மா இறக்குங்க."

"இறக்குறதா? கை காட்டாம இறக்குனா கொலைடா. கயட்டு இத்த!"

மறுநாள் நானே கப்பல்மேல் நின்று கையாட்டுவதுபோல் படம் எடுத்து ஒட்டினேன். "இன்னாடா இவன், கொசு ஓட்றான்?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அக்காதான் மஜீது பாயை வரவழைத்தார். பதினெட்டு வருஷம் அங்கிளுக்குக் கீழே நின்று கை காட்டியவர். மொட்டைமாடியில் அவரை நிறுத்திப் படம் பிடித்தேன். விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கை கவிழக் கையை நீட்டினால் நிறுத்து. அதைக் கப்பலில் பொருத்தி, அங்கிள் பக்கத்தில் பாயையும் உட்கார வைத்தேன்.

கணினித் திரையைப் பார்த்துப் பாய் முகம் சுளித்தார். "நான் அவ்ளோ கறுப்பா கீறேன்?"

"நீ எப்பவும் அப்டித்தான் மாமு. பேசாத, வேலை நடக்குது."

முதல்முறையாக அங்கிளின் கால்கள் ஆடாமல் இருந்தன. தோள் அசைந்தது. சரக்கு இறங்கியது. படத்திலிருந்த பாய் கையை நீட்டினார். சரக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிளின் நெற்றியில் வியர்வை. பல்லைக் கடித்தார். அரையடி, கால் அடி... நின்றது.

நின்ற அந்த நொடியில் கரண்ட் போனது.

"இன்னாடா இருட்டாப்பூச்சு?"

"கரண்ட் கட், அங்கிள். கழட்டிடலாம்."

"கைய எட்றா! சரக்கு அந்தரத்துல தொங்குது. பாதியில வுட்டுட்டு எவன்டா எறங்குவான்?"

அக்கா காபி டம்ளரைத் தரையில் வைத்தார். பிடியைச் சுற்றி நான்கு விரல்களும் மடங்கியிருந்தன.

"அப்பா, உன் வெரலைப் பாருப்பா."

"கண்ணுல இத்த கட்டி வெச்சிட்டு எத்தப் பாக்கச் சொல்ற?"

பத்து வினாடி பிடித்தால் போதும் என்றிருந்தார் டாக்டர். ஐந்து நிமிடம் ஆனது. பத்தானது. விரல் விடவில்லை. நான் மெயின் சுவிட்சுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"தாஸு, ஆளுங்கள ஒதுக்கிட்டேன். வுட்ரு" என்றார் பாய்.

"பொய் சொல்ற. உன் குரலே சரியில்ல."

இருபது நிமிடம் கழித்து விசிறி சுற்றியது. பிடியிலிருந்து விரல்கள் தாமாகப் பிரியவில்லை. அக்கா ஒவ்வொன்றாகத் தேய்த்து விரித்தார். அங்கிள் அந்தக் கையைத் துண்டுக்குள் வைக்கவில்லை.

நான் கணினியைத் திரும்பப் போட்டேன். அதற்குப் பழசு எதுவும் நினைவில்லை. சரக்கு மறுபடி உச்சியில் தொங்கியது.

"யார்ரா மேல தூக்குனது?" அங்கிள் கத்தினார். வலது கையால் இடது கையை எடுத்துப் பிடியின் மேல் வைத்துக்கொண்டார். "மஜீது, எங்க பராக்குப் பாக்குற? கை காட்டு!"