ஒத்திவைக்கப்பட்ட ஆட்டம்

ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக வந்திருந்தால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது; அந்த அணி லீக்கிலிருந்து நீக்கப்படும். ஆனால், ஆட்டக்காரர்கள் தக்க காரணத்தால் வர இயலவில்லை என்று முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்தால், ஆட்டத்தை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம். எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கின் விதி இது. அன்றைய பர்மியத் தலைநகரில் நாங்கள் குடியிருந்த தாகேதாவில், மைதானத்துக்கு எதிரே இருந்த தேநீர்க்கடைச் சுவரில் இதைப் பர்மிய மொழியில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். முதல் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வாக்கியத்தை வாசித்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பத்து வயது.

எந்த விதியிலும் "ஆனால்" என்பதற்குப் பின்னால் வருவதுதான் விதி என்பதைப் பிற்பாடு அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, மனுக்களுக்குப் பதில் எழுதி எழுதியே உறுதிசெய்துகொண்டு ஓய்வுபெற்றேன். பத்து வயதில் அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், வேறு வேலை இல்லாததால் என்றுதான் சொல்ல வேண்டும். தோற்கும் அணிக்குப் பின்னால் திரிகிற பிள்ளைக்குச் சுவரில் உள்ளதையெல்லாம் வாசிக்க நேரம் நிறைய இருக்கும்.

அணியின் கோல்கீப்பர் என் மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்களோடுதான் தங்கியிருந்தார். பெண்பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று அப்பா கேட்டபோது, செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார் மாமா. அந்தப் பதவியில் நான் கோல் கம்பங்களுக்குப் பின்னால், புல்லில், அவருடைய செருப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் ஆட்டத்தில் பாதி தெரியாது. மாமாவின் முதுகு தெரியும். அணி நன்றாக ஆடிய வருஷத்தில் பந்து எதிர்க்கோடியிலேயே கிடக்கும். நான் கூச்சலைக் கேட்டுத்தான் கோலைத் தெரிந்துகொள்வேன்.

அடுத்த வருஷம் அணி தோற்கத் தொடங்கியதும் எனக்கு ஆட்டம் நன்றாகத் தெரியத் தொடங்கியது. பந்து அடிக்கடி என் பக்கமே வந்தது. சில நாள் மாமாவைத் தாண்டி, கம்பங்களைத் தாண்டி, என்னையும் தாண்டி ஓடையோரச் சேற்றில் போய் விழுந்தது. எடுத்துக்கொடுப்பது என் வேலையாயிற்று.

முதலில் போனவர் சம்சு அண்ணன். எங்களுக்காக மிக அதிகம் கோல் போட்டவர் அவர்தான். நகரத்துக் கடைத்தெருப் பகுதியான லத்தாவில் மாமனாரின் துணிக்கடையில் இருந்தார். அந்த வருஷம் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அந்தக் கடைக்கும் பெயர் போய் எண் வந்தது. ஒரு சாயங்காலம் தேநீர்க்கடையில் எல்லோருக்கும் தன் செலவில் தேநீர் சொன்னார். மாமாவின் தோளில் தட்டினார். "அப்ப போயிட்டு வர்றேன். என் பூட்ஸை யாருக்கும் குடுத்துராதீங்க" என்றார். என்னைப் பார்த்துத் தனியாக, "பாப்பா, போயிட்டு வர்றேன்" என்றார். நான் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தேன்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். பிறகு பின்வரிசை ராமு அண்ணனும் கடல் தாண்டி ஊருக்குப் போனார். பிறகு அண்ணன் தம்பி இருவர் ஒரே கப்பலில் போனார்கள். போன ஒவ்வொருவரும் வீட்டுக்கு வந்தார்கள், அம்மா கையால் காப்பி குடித்தார்கள், போயிட்டு வர்றேன் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் போகிறேன் என்று மட்டும் சொல்லிப் புறப்பட முடியாது. கடைக்குப் புறப்பட்டாலும் வாயைக் கழுவு என்பாள் அம்மா. ஆகவே எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. கடைக்குப் போயிட்டு வர்றேன் என்ற அப்பா கடையிலிருந்து வந்தார். வேலைக்குப் போயிட்டு வர்றேன் என்ற மாமா வேலையிலிருந்து வந்தார். அதே சொல்லைச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர்கள் விடுப்பில் இருந்தார்கள். விடுப்பில் இருப்பவரின் இடத்தைக் காலி என்று சொல்வது முறையல்ல.

அணியின் சட்டைகளை அம்மாதான் துவைப்பாள். கொடியில் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தன. மற்றதையும் துவைத்து வைக்கலாமே, வந்தால் போட்டுக்கொள்வார்களே என்றேன்.

"போட்டாத்தானே அழுக்காகும்" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

பள்ளியிலும் அப்படித்தான். என் பெஞ்சில் நான்கு பேர் இருந்தோம். மழைக்காலம் பாதியாகும்போது நான் மட்டும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பையை வைத்துக்கொண்டேன். விடுமுறை நாளில் கூப்பிட்டு விளையாட யாரும் இல்லாததால், ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே மைதானத்துக்குப் போய்விடுவேன்.

தேநீர்க்கடைக்காரர் தமிழர்தான், ஆனால் எதிரணிக்காரர்கள் நிறையத் தேநீர் குடிப்பவர்கள் என்பதால் அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தார். ஒருநாள் மாமாவிடம், "மானம் கப்பலேறுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. டீமே கப்பலேறுறதை இங்கதான் பாக்குறேன்" என்றார்.

"கோல்கீப்பர் இருக்கேன்ல. இன்னும் ஏறலையே" என்றார் மாமா.

"உமக்கு டிக்கெட் கிடைக்கலையோ என்னவோ."

கடை முழுவதும் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அணித்தலைவர் கோ தான் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் ஒரு பலகாரத்தைத் தள்ளி வைத்தார். கோ தான் என்ற பெயருடைய அவர் பர்மியர். எங்கள் வார்டிலேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவார், ஆனால் வாக்கியத்தின் பாதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வார். ஒவ்வொரு கோல் விழும்போதும் மாமாவைப் பார்த்து "யாபாடே" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் அவர் அந்தச் சொல்லைச் சொன்ன அளவு வேறெதையும் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசி ஆட்டம் மட்டும் மிச்சம் இருந்தபோது, எங்களிடம் சரியாக ஏழு பேர் இருந்தார்கள். தோற்றாலும் பரவாயில்லை, லீக்கில் இருப்போம். வராமல் போனால்தான் பெயரை அடித்துவிடுவார்கள். பெயரை அடித்துவிட்டால் சம்சு அண்ணனும் மற்றவர்களும் திரும்பி வந்து எந்த அணியில் ஆடுவார்கள் என்பது என் கவலை. வேறு யாருக்கும் அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரம் ஒருநாள் சமையலறையில் பேச்சுக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்குக்கா" என்றார் மாமா. "கப்பல் வியாழக்கிழமை."

"இப்ப ஆட்டமாடா முக்கியம்? அந்தப் போர்வையை ஒழுங்கா மடி."

"ஆறு பேர வச்சுக்கிட்டுக் கோ தான் என்னதான் செய்வான்?"

"உனக்கு வேலை இல்லைன்னு சொன்னப்ப அவன் என்ன செஞ்சான்?"

"அவன் என்னக்கா செய்யமுடியும்? அவன்கிட்ட இருக்கிற சீட்டு வேற, என்கிட்ட இருக்கிற சீட்டு வேற."

யார் உள்ளூர்க்காரர், யார் அந்நியர் என்று சர்க்கார் கொடுத்த அந்த அடையாளச் சீட்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுடையது ஒரு நிறம், மாமாவுடையது வேறு நிறம் என்பதுதான். துறைமுகத்தில் ஏன் இனி மாமாவுக்குக் கிரேன் இல்லை என்று நான் கேட்கவில்லை. ஏழிலிருந்து ஒன்று போனால் ஆறு. அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். தேநீர்க்கடைக்குப் போய்ச் சுவரில் இருந்த இரண்டாவது வாக்கியத்தை மறுபடியும் வாசித்துவிட்டு வந்து, லீக் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன்.

தமிழில் யோசித்துப் பர்மியத்தில் எழுதினேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மரியாதைச் சொற்களோடு தொடங்கி, விதியைக் குறிப்பிட்டு, காரணம் சொன்னேன். எங்கள் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள். எல்லோரும் போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஆட்டத்தை ஒத்திவைக்க வேண்டும். கீழே என் பெயரை எழுதி, அணியின் ரசிகை என்று போட்டேன். முகவரிக்குத் தேநீர்க்கடையைக் கொடுத்தேன். அணிக்கு வேறு அலுவலகம் இல்லை.

பர்மியர்கள் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் வாயில் உபசாரமாக இருக்கும் சொல், அவர்கள் மொழியில் எழுதியதும் வாக்குமூலமாகிவிட்டது. நான் அதை உபசாரமாக நினைத்து எழுதவில்லை என்பதால், மொழிபெயர்ப்பில் பிழை என்றும் சொல்ல முடியாது.

மனுவை அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டு மாமாவிடம் சொன்னேன். அவர் டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களையும் சேத்து எழுதியிருக்கேன் மாமா. எப்ப வருவீங்க? தேதி கேட்டாங்கன்னா சொல்லணும்."

மாமா முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். "நீ எங்க டீமுக்கே செக்ரட்டரி ஆயிட்டியா மருமகளே? சம்பளம் எவ்வளவு?"

"தேதி சொல்லுங்க."

"மொதல்ல ஆபீஸ்ல பதில் சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

நியாயமான நடைமுறையாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை காலை வாசலில் நின்று நான் மறுபடியும் கேட்க வாயெடுத்தேன். புறப்படுகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்காதே என்று அம்மா அதட்டினாள். மாமா என் தலையில் கையை வைத்தார். பந்தைப் பிடிக்கிற கை என்பதால் தலை முழுவதும் மூடிவிட்டது. "போயிட்டு வர்றேன்க்கா" என்றார். "போயிட்டு வாடா" என்றாள் அம்மா. அப்பா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கூடப் போனார். அப்பாவும் போயிட்டு வர்றேன் என்றுதான் சொன்னார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மைதானத்துக்குப் போனேன். பார்த்துக்கொள்ளச் செருப்பு இல்லாததால் ஈரப்புல்லில் உட்கார்ந்தேன். முன்னால் முதுகு இல்லை. முதல் தடவையாக மைதானம் எதிர்க்கோடிவரை தெரிந்தது. அது நான் நினைத்திருந்ததைவிடப் பெரிது. எதிரணி பதினோரு பேரோடு வந்து பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஆறு பேர் நடுக்கோட்டருகே நின்றார்கள். நடுவர் ஊதினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி ஊதினார். பிறகு கோ தானிடம் ஏதோ சொல்லிவிட்டு மைதானத்தைவிட்டு வெளியேறினார். எதிரணியில் யாரோ கை தட்டினார்கள். கூட யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்கள்.

கோ தான் மைதானத்தைக் குறுக்கே கடந்து என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போகல?"

"ஆட்டத்தை ஒத்திவைக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன் கோ தான். பேரை அடிக்க மாட்டாங்க."

அவர் விவரம் கேட்டார். சொன்னேன். என்ன எழுதினேன் என்பதைப் பர்மியத்தில் ஒப்பிக்கச் சொன்னார். திரும்பி வருவார்கள் என்ற இடம் வந்ததும், "யார் சொன்னது, வருவாங்கன்னு?" என்றார்.

"அவங்கதான் சொன்னாங்க. எல்லாரும் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

கோ தான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வார்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சொல்லின் எடை தெரியாமலிருக்க வழியில்லை. "சொன்னாங்க" என்றார். "எனக்கும் சொன்னாங்க." பிறகு என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். வழியில் யாபாடே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் எங்கள் வார்டுப் பையன்கள் அந்தப் பக்கம் பந்து விளையாடுகிறார்கள். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருவன் தாய்லாந்து, ஒருவன் மலேசியா. பெரியவள் என்று என்னிடம் சொல்லிக்கொள்ள வருகிறார்கள். தமிழ் புரியும், பேச வராது. பர்மியத்தில் "துவாமே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். போகிறேன், அவ்வளவுதான். திரும்பி வருவதாக யாரும் எழுதித் தருவதில்லை. நிர்வாக முறைப்படி அதுவே சரி. கதவைச் சாத்திய பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை.

என் மனுவுக்குப் பதில் உடனே வரவில்லை. விளக்குத் திருவிழா போயிற்று, தீபாவளி போயிற்று. அணியில் மிச்சமிருந்தவர்கள் வேறு அணிகளில் சேர்ந்தார்கள். கோ தானும் சேர்ந்தார். ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் தேநீர்க்கடையில் எட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் முதலில் கேலி செய்தார். பிறகு நான் வாசலில் தெரிந்ததுமே இல்லை என்று கை காட்டினார். பிறகு கை காட்டுவதையும் விட்டுவிட்டுத் தேநீர் ஆற்றுவதில் முனைந்துவிடுவார்.

கடைசியில் பதிலை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கோ தான். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பர்மியம் வாசிக்க வராது. நான் நின்றுகொண்டு வாசித்துத் தமிழில் சொன்னேன். மனு விதிப்படி உள்ளது. ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. அணியின் பெயர் நீக்கப்படவில்லை. ஆட்டக்காரர்கள் திரும்பி வரும் தேதியை அணி தெரிவித்ததும் ஆட்டத்துக்கு நாள் குறிக்கப்படும்.

அந்த அதிகாரி சொல்லை அப்படியே நம்பியவரா, அல்லது கையெழுத்தைப் பார்த்து இது எவ்வளவு சின்னக் கை என்று கண்டுகொண்டவரா, எனக்குத் தெரியாது. என் சேவைக் காலத்தில் அப்படி ஒரு பதிலை நான் யாருக்கும் எழுதியதில்லை. எழுத எனக்கு அதிகாரம் இருந்தது.

அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். கோ தான் வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதி கேட்டுவிட்டார்களே, அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் அழுகிறாள் என்று நினைத்து, கவலைப்படாதே, மாமாவிடம் கேட்டு நானே எழுதிக்கொடுக்கிறேன் என்றேன். அப்போது என்னிடம் இருந்த ஒரே தேதி அன்றைய தேதிதான்: தை இரண்டு.