பிளாராவுக்கு முடி வெட்ட ஆள் தேடியது

சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் பிளாரா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடும். அங்கே ஒரு குட்டை பெஞ்சு, அதற்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி. பெஞ்சின்மேல் ஏறி நின்று மோவாயைத் தூக்கும். கொஞ்சம் பொறுத்து முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக் காட்டும். பிறகு அடுத்த கால். அப்புறம், யாரோ இடுப்பைத் தொட்டுத் திருப்பிவிட்டது போலத் தானாகத் திரும்பி வால்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்.

நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து தினமும் அதற்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்த சிசிலி டாக்டரம்மா புரட்டாசி பிறந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஐப்பசி நடக்கிறது.

சமையலுக்கென்று அந்த வீட்டுக்கு வந்து, தலை நரைக்கிற வரைக்கும் அங்கேயே தங்கிவிட்டவள் உபகாரமேரி. அவள் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று இதைப் பார்ப்பாள். முதல்நாள் பார்த்தபோது சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பிறகும் பயம் போகவில்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பங்குச் சாமியாரிடம் சொல்லலாம்தான். சொன்னால் வீடு பூராவும் தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்துவிடுவார். அதற்கப்புறம் அம்மா வர முடியாமல் போய்விட்டால்? அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டை மறித்த வாரம். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கார் முதல் மரத்தோடு நின்றுவிட்டது. மரத்தை வெட்டிப்போட்டவர்களே ஓடிவந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்த பிள்ளைகள். பக்கத்து வீட்டுக் கட்டில் ஒன்றில் கிடத்தித் தூக்கி, ஒரு மரம் தாண்டி அடுத்த மரம், அதைத் தாண்டி அடுத்தது என்று ஆள் மாற்றிக் கொண்டுபோனார்கள். நாயும் கட்டிலுக்குப் பின்னாலேயே ஓடியது. தியாகதுருகம் எட்டுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. அழுதுகொண்டே அதே வழியில் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷி. திருச்சியிலிருந்து வந்த தம்பி, அடக்கம் முடிந்ததும், "வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிளாரா ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவிலிருந்து குட்டியாக வந்த நாய். உடம்பெல்லாம் சுருட்டை சுருட்டையாகப் பழுப்பு முடி. தினம் சீவினால் பட்டு, விட்டால் சிக்கு. மழை வேறு பிடித்துக்கொண்டது. காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் முடி கட்டிகட்டியாக இறுகிப்போய், அது நடந்தாலே தோல் இழுத்து முனகியது. உபகாரமேரி சீப்பை எடுத்துக்கொண்டு போனாள், கையைக் கடித்துவிட்டது. ஆனால் சாயங்காலம் வந்தால் அதே நாய் பெஞ்சில் ஏறிக் கல்லாட்டம் நிற்கிறது. சிக்கு மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் முடியை விலக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"அடியில புண்ணு. ஈ மொய்க்குது பாருங்க. இன்னும் ஒரு வாரம் வுட்டா புழு வெச்சிடும், அப்புறம் நாய் தேறாது. இது முடி கொட்டுற ஜாதி இல்லம்மா, வளந்துக்கினேதான் இருக்கும். மெட்ராஸ்ல இதுக்குன்னே வெட்டறவங்க இருக்காங்க."

"மெட்ராசுக்கு நான் எங்க சார் போவேன்?"

"அப்ப இங்கயே கை சுத்தமான ஆளா பாருங்க. சிக்குக்கும் தோலுக்கும் நடுவுல கத்திரி போவணும். தெரியாதவன் கைய வெச்சா தோலையே நறுக்கிடுவான்."

கம்பளி ஆடு வெட்டுகிறவனை விட்டால் வேறு யாருக்கு இந்த வேலை தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. கல்வராயன் மலை அடிவாரத்தில், வடக்கனந்தல் பக்கம் மந்தை போட்டிருந்த வீரமுத்துவுக்குச் சொல்லியனுப்பினாள். பெரிய கத்திரியோடு வந்தார். நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆட்டுக்கும் கரடிக்கும் பொறந்த மாரி இருக்குது?"

"உங்களால ஆவுமா, ஆவாதா?"

"ஆவாம இன்னா. மொதல்ல குளிப்பாட்டணும். ஆத்துல முக்காம நாங்க ஒரு மயிரு வெட்ட மாட்டோம். அழுக்கோட வெட்டுனா மந்தைக்கு ஆவாது."

அது அவர்கள் வழக்கம். அவளும் சரியென்று குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். நனைந்ததும் சிக்கு லேசாகும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். வெயிலில் காய்ந்தபோது தெரிந்தது. முடி அவ்வளவும் சுருங்கி, தட்டிப்போட்ட கம்பளம் போல உடம்பைக் கவ்விக்கொண்டது. கத்திரி நுனி நுழைய இடமில்லை. காலைக் கட்டலாம் என்று வீரமுத்து கயிற்றை எடுத்தார். பிளாரா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"இது ஆடு இல்லம்மா," என்று கத்திரியை மடித்தார். "ஆடு ஒடம்ப நம்மகிட்ட குடுத்துடும். இது வேற யாருக்கோ குடுத்து வெச்சிருக்குது."

அவர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். உபகாரமேரி வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு நாய் சோற்றைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை.

மூன்றாவதாக அவள் போய் நின்றது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கண்ணாயிரத்தின் சலூன் வாசலில். பொம்பளை வந்து நிற்கிற இடமில்லை அது. முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்கள்.

"நாய்க்கா?" என்று கேட்டார் கண்ணாயிரம். "மேரியக்கா, நாளைக்கி இதே மிஷினை இவரு பொடனியில வெச்சா ஒத்துக்குவாரா?"

"அதுக்கு வெட்டிட்டு எனக்கு வெட்டு கண்ணாயிரம்," என்றார் நாற்காலியில் இருந்தவர். "நானாவது அழகாவறேனா பாக்கலாம்."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போகவும் இல்லை.

"புண்ணுல ஈ மொய்க்குதுண்ணே. சோறு திங்கல. அம்மா கண்ணு மூடுனப்ப வீட்டாளுன்னு பக்கத்துல இருந்தது அது ஒண்ணுதான்."

கண்ணாயிரம் கத்தியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்.

"செவ்வாக்கெழம கடை லீவு. அன்னிக்கி நாங்க கத்தி எடுக்கக் கூடாது. ஆனா அது மனுசனுக்குத்தான். நாய்க்கு ஏது செவ்வாய், வெள்ளி? பழைய மிஷின் ஒண்ணு கெடக்குது, கொண்டாறேன். யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். பொழுது சாய்கிறவரை பாடுபட்டும் ஒரு பிடி முடிகூட எடுக்க முடியவில்லை. கிட்டே போனாலே பல்லைக் காட்டியது. "நம்மால ஆவாதுக்கா, மன்னிச்சிக்கோங்க," என்று அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது.

பிளாரா எழுந்தது. தள்ளாடிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்ப் பெஞ்சில் ஏறி மோவாயைத் தூக்கியது.

கண்ணாயிரம் பார்த்தார். நாயைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார்.

"யாரு கூப்ட்டா அத?"

இத்தனை நாள் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை உபகாரமேரி அப்போதுதான் வெளியே சொன்னாள். "அம்மா."

அவர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நாற்காலிப் பக்கம் போகாமல் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய், மண்டி போட்டு உட்கார்ந்தார். "விளக்கக் காட்டுங்க," என்றார்.

முதலில் மோவாய்க்கு அடியில் கத்திரியின் நுனியை விட்டார். நாய் அசையவில்லை. முன்னங்காலைத் தூக்கியது, அந்தக் காலைச் செய்தார். அடுத்ததைத் தூக்கியது, அதைச் செய்தார். அவசரத்தில் பின்தொடைக்குக் கையைக் கொண்டுபோனபோது உறுமல் கேட்டது.

"சரிங்க, சரிங்க," என்று கையை இழுத்துக்கொண்டார். அந்த மரியாதை நாய்க்கில்லை என்பது உபகாரமேரிக்குத் தெரிந்தது.  அவள் வாய் 'அருள்நிறைந்த மரியே' என்ற ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நாய் தானாகத் திரும்பி நின்ற பிறகுதான் பின்தொடைக்கு வந்தார். தோலோடு ஒட்டிக்கிடந்த கம்பளம் துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. அடியில் ரோஸ் நிறத்தில் புண்கள். ஒரு இடத்தில்கூட கத்திரி பட்டு ரத்தம் வரவில்லை. கடைசித் துண்டு விழுந்ததும் பிளாரா உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு இறங்கி, நேரே தண்ணீர்ச் சட்டிக்குப் போய்க் குடித்தது.

கண்ணாயிரம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே பேசினார்.

"அக்கா, நான் வெட்டுனேன்தான். ஆனா புடிச்சிக்கினது நானில்ல, நீங்களுமில்ல."

மறுநாள் அது இரண்டு வேளை சோறு தின்றது. புண்ணுக்கு மருந்து போடும்போது கடிக்கவில்லை. மொட்டைக் குட்டியாக, பார்க்கவே பரிதாபமாக, அவள் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு திரிந்தது. ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம் என்று அவள் பத்துத்தரம் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் மணி அடித்தது. அடுப்பங்கரையில் சாக்கின்மேல் படுத்திருந்த பிளாராவின் காது மட்டும் ஒருமுறை அசைந்தது. எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனது.

உபகாரமேரி காத்திருந்தாள். பிறகு தானே வராந்தாவுக்குப் போனாள். சேலம் ரோட்டில் லாரிகள் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பிரம்பு நாற்காலி இருட்டில் கிடந்தது.

"அம்மா," என்றாள். "அது நல்லாயிருக்குது. சாப்ட்டுச்சு, தூங்குது. அதுக்காகத்தான் வந்தீங்கன்னா இனிமே நீங்க நிம்மதியா போலாம்மா."

 தன்னைப் பற்றியும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வாய் வரவில்லை.  பிறகு குட்டை பெஞ்சின்மேல் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து முதுகில் விட்டுக்கொண்டு, பிளாரா திரும்பி நின்றது போலவே நாற்காலிக்கு முதுகைக் காட்டியபடி ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள்.