கால் மாத்திரை

என் மாமாவைப் போல ஈரலைப் பற்றிப் பேச விழுப்புரத்தில் ஆள் கிடையாது. அம்மாவின் தம்பி. சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாமல் வீடு திரும்பாதவர். தொண்ணூற்றெட்டில் அப்பாவுக்குக் கண் மஞ்சளானபோது தீர்ப்புச் சொல்ல முதலில் வந்தவரும் அவர்தான்.

அப்பா திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் பஸ்ஸில் போய் வருவார். கால் கட்டைவிரல் வீங்கி, செருப்பு போட முடியாமல் ஒரு டாக்டரிடம் போனார். யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று அந்த டாக்டர் இரண்டே நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீக்கம் வடிந்தது. ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் தடித்து அரித்தது. பிறகு மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டுப் பார்த்து, அது மஞ்சளானதும், காமாலை என்று வீட்டிலேயே முடிவு செய்தார்கள்.

கண்டாச்சிபுரம் பக்கம் ஒருவர் பச்சிலை அரைத்துக் கொடுத்தார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கடுகு தாளிக்கக் கூடாது என்றார். அப்பா அத்தனை பத்தியத்தையும் ஒழுங்காகக் காத்தார். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு, அதோடு கால் மாத்திரையையும் விழுங்கினார். அது காலுக்கு, இது ஈரலுக்கு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று படித்த நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் மோசமாகக் கெட்டிருப்பது தெரிந்தது. மாமா வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அறை நாறியது.

"யக்கா, மறைச்சிக்கினு இருக்காத. ஈரல் எதனால கெடும்? குடிச்சாத்தான் கெடும். எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அம்மா அழுதாள். மறுநாளே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அப்பா ரகசியக் குடிகாரர் ஆகிவிட்டார். எங்கள் மாதா கோயில் ஜெபக் கூட்டத்தாரையும் மாமாவே கூட்டி வந்தார். கட்டிலைச் சுற்றி நின்று, இவரைக் குடியிலிருந்து விடுவியும் ஆண்டவரே என்று உருகி உருகி ஜெபித்தார்கள். அப்பா எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் "ஆமென்" என்றார். அந்தப் பக்தர்களின் முகத்தில் இருந்த திருப்தியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. குடிதான் காரணம் என்று ஆனபிறகு வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை. மனிதர் எங்கள் கண்முன்னே செத்துக்கொண்டிருந்தார்.

இவர்களையெல்லாம் இளக்காரமாகச் சொல்லும் நான் என்ன செய்தேன்? அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, ஆணியில் தொங்கிய அவருடைய பள்ளிக்கூடப் பையை எடுத்துத் துழாவினேன். பாட்டில் தேடினேன். திருத்தாத பரீட்சைத்தாள்கள் இருந்தன, டிபன் பாக்ஸ் இருந்தது, அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று.

"டிபன் பாக்ஸையும் தொறந்து பாத்துடுப்பா" என்றார் அப்பா. விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

பையை மறுபடி ஆணியில் மாட்டினேன். மறுநாள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்டபோது அந்த அட்டையை நீட்டினேன். அலோபியூரினால். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்ப நிறுத்தினாரு?"

"நிறுத்தல சார். காலையிலகூட போட்டாரு. அது காலுக்குத்தான சார்?"

டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவன்தான். சிலர் உடம்புக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, ஈரலையே கெடுத்துவிடும், இனி ஒன்றுகூடத் தொடக்கூடாது என்றார். நிறுத்தினோம். பல வாரங்கள் சிகிச்சைக்குப் பிறகு கண்ணில் வெள்ளை தெரிந்தது. அப்பா பிழைத்தார்.

"எப்படியோ மச்சான் குடிய வுட்டாரு, பொழைச்சிக்கினாரு" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆளோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் வெளியே போய்விட்டு எப்போது வீட்டுக்கு வந்தாலும், கையில் இருக்கும் பையைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.