குளத்துக்குள் போய் முடியும் பாதை

"மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள இடம் கிராமப் பதிவேட்டின்படி பாதை ஆகும். அங்கு வாய்க்கால் இருந்ததற்கு ஆதாரம் ஏதும் இல்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது."

சென்ற வாரம் தாலுகா அலுவலகத்திலிருந்து தபாலில் வந்த பதில் இவ்வளவுதான். தேதி போட வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு மட்டும் இருந்தது. குற்றாலத்தில் முதல் சாரல் விழுந்த நாளை வருடந்தோறும் நோட்டில் குறித்துவைக்கிற ஆள் நான். தேதியில்லாத காகிதத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு என்னைக் கொதிக்கவைத்தது அதுகூட இல்லை, ஆதாரம் என்று இணைத்திருந்த பதிவேட்டின் நகல். அதில் 'பாதை' என்று குண்டு குண்டாக எழுதியிருந்த கை என்னுடையது.

நகலுக்கு வாசனை கிடையாது. ஆனாலும் அதைப் பிடித்ததும் நிலம் அளக்கிற சங்கிலியின் துரு வாசனை மூக்கில் ஏறியது.

எங்கள் ஊர் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், வரைபடத்தில் பெயர் எழுத இடம் போதாத அளவுக்குச் சின்னது. மேற்கே மலை, கிழக்கே குளம், நடுவில் அந்த வாய்க்கால். ஊரின் வரலாறு என்று தனியாக ஒன்றும் இல்லை. வாய்க்கால் ஓடிய வருடங்களில் காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல், ஓடாத வருடங்களில் அடிதடி. பங்குனி, சித்திரையில் அது காய்ந்து கிடக்கும். அப்போது வண்டி, மாடு, கல்யாண ஊர்வலம் எல்லாமே அதற்குள்தான் போகும். கோடை முழுக்க அதைத் தடம் என்றுதான் சொல்வோம்.

நிலம் அளக்க அளவைக்காரர்கள் வந்தது பல வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில். நான் அவர்களோடு தற்காலிக எழுத்தர். சங்கிலியைக் காய்ந்த வாய்க்காலுக்குள் போட்டுவிட்டு, "இது என்ன அண்ணாச்சி?" என்று சர்வேயர் கேட்டார். ஊரில் எதற்கும் முதல் ஆளாகப் பேசுகிற பேச்சிமுத்து அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"தடம்னு எழுதுலே. தடம்னா யூனியன்ல சரள் அடிச்சித் தருவான். வாய்க்கால்னா மம்பட்டிய நம்ம கையில குடுத்து வெட்டச் சொல்லுவான்."

"அப்போ தண்ணி?" என்றேன்.

"தண்ணி அதுபாட்டுக்கு வருது. அதுக்கு ஒன் சீட்டு வேணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். குளத்து மடைக்கு நேர் கீழே வயல் வைத்திருந்த சண்முகத்தாயி அக்கா வைக்கோல் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். "ஏலே படிச்சவனே, அந்த சர்வேயர் சாரை ஐப்பசியில கூட்டிட்டு வந்து இங்கன நடக்கச் சொல்லு. இடுப்பு நனைஞ்ச பொறவு எழுது" என்றாள். "ஏட்டி, நீ போயி மாட்டுக்கு வைக்கலப் போடு" என்றார் அண்ணாச்சி. அதற்கும் சிரித்தார்கள். நானும்தான். 'பாதை' என்று எழுதிவிட்டு, எழுத்து கோணாமல் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

சரளைக்கல் வந்தது, ஒரே ஒரு தடவை. அடுத்த மழையில் தண்ணீர் அதை வாரிக் குளத்தில் கொட்டியது.

சென்ற கோடையில், குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு வீடு கட்டி விற்க மேற்குப் பக்கத்து வயல்களை வாங்கியவர்கள் வாய்க்காலை மண்ணால் மூடி, மேடாக்கி, தார் போட்டார்கள். கேட்டால், "பாதைலதான சார் ரோடு போட்டோம்?" என்று என் எழுத்தையே நீட்டினார்கள். அதன் பிறகுதான் மனு போட்டேன். ஆதாரம் இல்லையாம்! மலையிலிருந்து சரிவு இருக்கிறது. குளக்கரையில் தண்ணீர் நுழையத் திறப்பு இருக்கிறது. எந்த மடையன் குளத்துக்குள் போய் முடிகிற பாதை போடுவான்? நாற்காலியைவிட்டு எழுந்துவந்து அரைமணி நேரம் நின்றிருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். பேச்சிமுத்து அண்ணாச்சி காலமாகிவிட்டார். இருந்திருந்தால் சண்டை போடவாவது ஓர் ஆள் மிஞ்சியிருக்கும்.

இந்த ஆனியில் சாரலுக்குக் குறைவில்லை. தண்ணீர் வந்து தார்மேட்டில் முட்டி, திரும்பி, நெடுஞ்சாலைச் சாக்கடையில் இறங்கிப் போனது. குளம் வெடித்துக் கிடக்கிறது. சண்முகத்தாயி அக்கா நாற்றுப் பாவவில்லை. அவளுக்கு இருப்பது அந்த ஒரு வயல்தான். பதிலை எடுத்துக்கொண்டு போனேன்.

"படிச்சிக் காட்டு" என்றாள். படித்தேன்.

"இது நீ எழுதுனதுதானலே?"

"ஆமாக்கா."

நகலை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. அதே கைய வச்சி அழிச்சி எழுது பாப்பம்."

நகலை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

வாய்க்கால் தொடங்குகிற இடம் செங்கோட்டை எல்லையில் வருகிறது. அந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றில், மலையடியிலிருந்து எங்கள் குளம்வரை ஒரு நீலக்கோடு ஓடுகிறது என்று ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அவரும் நேரில் பார்த்ததில்லை, பார்த்தவர் சொல்லக் கேட்டதுதான். படம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் இந்த ஆண்டு கார் நடவு நின்றுபோனது, நான் கண்ணால் பார்த்த விஷயம். நீலக்கோடு உண்மையா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.