மலைக்கு வந்த நெபுலைசர்

எனக்கு இளைப்பு ஐம்பது வயதைத் தாண்டியபிறகு வந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் எனக்கு. வாரம் ஒருமுறை ஜீப்பில் மலையேறி, எஸ்டேட்டுகளில் காய் பார்த்து, விலை பேசிவிட்டு இறங்குவேன். மேலே குளிர், கீழே வெயில், நடுவே வளைவுகளில் சாரல். இதில் எது என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை. ஆடி மாதக் காற்று எழுந்துவிட்டால் மூச்சோடு ஒரு விசில் சத்தமும் சேர்ந்து வரும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கை மாட்டி, மருந்துப் புகையை இழுத்துவிட்டு வருவேன். பக்கத்தில் என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு, புகை தீரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் டாக்டர், "இந்தப் புகை மிஷின், நெபுலைசர், வீட்டுலயே ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க" என்றார். எந்த மருந்தை எப்போது வைப்பது, எப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வருவது என்று சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெளியே போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு இன்ஹேலரும், அதோடு மாட்டும் பிளாஸ்டிக் குழாயும் தந்தார்.

சென்னையிலிருக்கும் மகன் அன்றைக்கே போனில் மிஷின் படங்களாக அனுப்பத் தொடங்கிவிட்டான். அதில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. டார்ச் லைட் அளவுதான் இருந்தது. சத்தமே வராதாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகலாம், யாருக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வசதிதான். வியாபாரத்தில் இருக்கிறவனுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால் எதிரே இருப்பவன் பேச்சின் தோரணையே மாறிவிடும் என்று நினைத்தேன்.

"போன்ல பார்த்து வாங்குறதுக்கு இது என்ன செருப்பா? தேனிக்குப் போய் கண்ணால பார்த்து வாங்குவோம்" என்றாள் மனைவி.

அவள் கோம்பை ஊர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால், தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வாங்க அவள் அப்பாவோடு கடைக்குப் போய், ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு வாங்கியவள். தேனி மருந்துச் சாமான் கடையிலும் அதையே செய்தாள்.

"தம்பி, பெருசு, சின்னது ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க."

கடைக்காரர் முதலில் மேஜைமேல் வைக்கும் பெரிய மிஷினைப் போட்டார். கடகடவென்று கடையே அதிர்ந்தது. பிறகு என் மனசுக்குப் பிடித்த சின்ன மிஷினை எடுத்து, அதில் உப்புத் தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினார். சத்தமில்லாமல் வெண்மையாய்ப் புகை வந்தது. நான் மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்தாள்.

"டாக்டர் ரெண்டு மருந்து எழுதியிருக்காக. ரெண்டும் இந்தச் சின்னதுல போகுமா?"

அவர் சீட்டைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தார். "ஒண்ணு போகும்மா. இன்னொண்ணு பால் மாதிரி கலங்கலா இருக்கும். இந்த மாடல்ல அது புகை வர்ற சல்லடையை அடைச்சுக்கிரும்னு போட்டிருக்கான். பெரியதுல ரெண்டுமே போகும்."

"கரண்ட் இல்லாட்டி பெரியது ஓடுமா?"

"ஓடாதும்மா."

அவள் பெரிய மிஷினின் மாஸ்க்கைத் தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். குழாய் நைந்தால் மாற்றுக் குழாய் கிடைக்குமா, உள்ளே இருக்கும் வடிகட்டியை எப்போது மாற்றுவது, மருந்துக் கிண்ணத்தை எதில் கழுவுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "பெரியதையே போடுங்க. வீட்டுல இவுக மூச்சு விடணும், அதான் முக்கியம்" என்றாள். எனக்கு முகம் வாடிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெட்டி என் மடியில்தான் இருந்தது.

முதல் நாள் அதை ஓட்டியபோது, வண்டிக்குக் காற்றடிக்கும் மிஷின் வாங்கியிருக்கிறோமா என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டார். போகப்போகத் தெருவுக்கே அந்தச் சத்தம் பழகிவிட்டது. மருந்து வைத்து முடித்ததும் நான் வாய் கொப்புளிக்க வேண்டும். அவள் கிண்ணத்தைக் கழுவி வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பாள். நானே கழுவுகிறேன் என்றாலும் விடமாட்டாள்.

மாஸ்க்கை மாட்டினால் பேசக்கூடாது. இது அவளுக்கு நல்ல வசதியாகிவிட்டது. இத்தனை வருடக் குடும்பத்தில் அவள் பேசத் தொடங்கினால் பாதியில் நான் குறுக்கே ஏதாவது சொல்லிவிடுவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, அவள் பாட்டுக்குப் பேசினாள். கோம்பையில் அவளுக்கு ஒரு வாத்தியார் பட்டப்பெயர் வைத்திருந்தார் என்பதையெல்லாம் அப்போதுதான் கேட்டேன். மருந்து வைக்கும் நேரத்தை நான் எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

அப்படி ஒரு சாயங்காலம் சொன்னாள்: "வாரா வாரம் மலைக்குப் போறீக. அங்கன மேகம் கதவுக்குள்ள வரும்னு வந்து சொல்றீக. என்னைய ஒரு தரமாவது கூட்டிட்டுப் போயிருக்கீகளா? அடுத்த வாரம் நானும் வரட்டா?"

வேலையாகப் போகிற இடம், தங்க வசதி போதாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். புகைதான் உள்ளே போனது. அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ஜீப்பின் முன்சீட்டில் அவளும், அவள் மடியில் ஒயர் கூடையும், கூடைக்குள் துண்டு சுற்றிய மிஷினும் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறின. ஒவ்வொரு வளைவிலும் கீழே தெரியும் ஊரைக் காட்டி, "அந்தா நம்ம தெரு" என்றாள். ஓட்டுநர் மறுக்காமல் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தார்.

நாங்கள் தங்கிய எஸ்டேட் வீட்டில் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது. பொழுது சாயும்போது என் நெஞ்சு இறுகியது. டாக்டர் சொன்னபடி இன்ஹேலரைக் குழாயில் மாட்டி இழுத்தேன். கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் விசில் நிற்கவில்லை. அவள் முதுகைத் தடவியபடியே வாசலைப் பார்த்து, "தம்பி, இங்கன எங்க கரண்ட் இருக்கு?" என்று ஓட்டுநரிடம் கேட்டாள்.

காய் உலர்த்தும் ஸ்டோரில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அங்கே மேஸ்திரிகள், கணக்கர்கள், வந்திருக்கும் வியாபாரிகள் எல்லாரும் இருப்பார்கள். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

ஸ்டோரை ஒட்டிய ஆபீஸ் அறையில் மேஸ்திரி எங்களுக்கு இடம் கொடுத்தார். "சேச்சி இவிட இரிக்கு" என்று மலையாளத்தில் சொல்லி அவளுக்கு ஸ்டூல் போட்டார். மிஷின் கடகடத்தது. மாஸ்க்கோடு நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் என் தொழில் போட்டிக்காரர். ஒவ்வொரு ஏலத்திலும் எனக்கு எதிராக விலை ஏற்றுகிறவர். எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது.

அவர் மிஷினைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்தினார். "மதினி, இதை வீட்டுலயே வச்சுக்கலாமா? எங்க அம்மாவுக்கும் இதே கோளாறுதான். பாதி நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுலதான் இருக்காக."

அவ்வளவுதான். அவள் கடைக்காரரையே மிஞ்சிவிட்டாள். "முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. அவுக எழுதித் தர்ற சீட்டோட கடைக்குப் போங்க. சின்னதா அழகா இருக்குன்னு எடுத்துராதீக, இவுக மாதிரி. எந்த மருந்து அதுல போகும்னு பாருங்க" என்று தொடங்கி வடிகட்டிவரை போனாள். மேஸ்திரியும் நின்று கேட்டார். என்னை யாரும் பார்க்கவில்லை. மருந்து தீர்ந்தபோது மூச்சு தெளிந்திருந்தது. போட்டிக்காரர் எனக்குப் பால் கலக்காத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் இறங்கியதும் டாக்டரைப் பார்த்தோம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, செய்தது சரிதான் என்றார். வெளியூருக்கு பேட்டரியில் ஓடும் மிஷின் ஒன்று இருந்தால் நல்லதா என்று மனைவி கேட்க, அவரும் ஒத்துக்கொண்டார்.

மறுபடியும் தேனி. பெரிய மிஷினைப் போலவே காற்றடித்து வேலை செய்யும், கைக்கு அடக்கமான, சார்ஜ் போடும் மாடல் ஒன்றைக் கடைக்காரர் வரவழைத்திருந்தார். இரண்டு மருந்தும் போகும் என்று தாளைக் காட்டினார். அவளுக்கு அது போதவில்லை. சார்ஜ் தீரும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீ வந்தது, வடை வந்தது. கடைக்காரர் வேறு ஆட்களைக் கவனித்தார். மிஷின் ஒருவழியாக நின்றபோது, "மலை ஏறி இறங்கத் தாங்கும்" என்று எழுந்தாள்.

இப்போது மாதம் ஒருமுறை என்னோடு மலைக்கு வருகிறாள். ஸ்டோரில் காய் பிரிக்கும் பெண்களோடு உட்கார்ந்து கொஞ்சம் மலையாளமும் பிடித்துக்கொண்டாள். போட்டிக்காரரின் அம்மா ஒரு மிஷின் வாங்கி, வடுகபட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அதோடு போய் ஆடி முழுக்கத் தங்கிவிட்டு வந்தாராம். அங்கிருந்து என் மனைவிக்கு போன் செய்தார். இருவரும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. அரைமணி நேரமாகச் சிரித்துப் பேசினார்கள். ஏலத்தில் மட்டும் போட்டிக்காரர் இன்னும் எனக்கு விட்டுக்கொடுப்பதில்லை.