அவன் சொன்ன ‘இன்னா’

கடையில் டிவி வைத்தது நான் செய்த முதல் தப்பு. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் மளிகைக்கடை எனக்கு. நாள் முழுக்க அதில் ஓடுவது சிரிப்புச் சேனல். கால் கிலோ துவரம்பருப்பு வாங்க வந்தவர் கால் மணி நேரம் நின்று பார்த்துச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், “இவனும் பூட்டான் இல்ல?” என்பார். ஆமாம், போய்விட்டான். திரையில் நான்கு பேர் நின்று அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் இரண்டு பேராவது இன்றைக்கு இல்லை. குடித்துப் போனவர் உண்டு. டீகூடக் குடிக்காமல் போனவரும் உண்டு. எல்லாரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரவேண்டிய வயதில் போனவர்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. அரிசி மூட்டையை நகர்த்துவேன், நகர்த்திய இடத்துக்கே திரும்ப நகர்த்துவேன். சேனலை மாற்றினால் வாடிக்கையாளர் முறைப்பார். மாற்றாவிட்டால் எந்த நிமிடமும் அவன் வந்து நிற்பான்.

அவன் என் தோஸ்து. காசிமேட்டுக்காரன், மீன்பிடிக் குடும்பம். முப்பத்தாறு வயதில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நடிக்கிறான் என்றுதான் நினைத்திருப்போம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சினிமாவுக்குப் போகும் முன் பத்து வருடம் நாங்கள் இருவரும் மேடையில் ஜோடி. மாதா கோயில் திருவிழா, ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா, எது என்றாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மளிகைக்கடை அண்ணாச்சியாக நான் வருவேன். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை, எங்கள் அப்பா அப்படி வந்தவர்தான். அவன் மீன் ஏலக்காரனாக வருவான். நான் பேசுவது அவனுக்குப் புரியாது, அவன் பேசுவது எனக்குப் புரியாது. அவ்வளவுதான் கதை. ராயபுரத்தில் ஒருமுறை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிரியார் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தார்.

அப்படி ஒரு விழாவில்தான் சினிமாக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தார். அவனை மட்டும் கூப்பிட்டார். வயிறு எரிந்தது. வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அவன் நல்லவன், எனக்கும் வாய்ப்புக் கேட்டான், பலமுறை கேட்டான். யாரும் தரவில்லை. அவன் கேட்டதே எனக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அவனுக்கும் அங்கே நிம்மதி இல்லை. எந்தப் படத்திலும் அவனுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. கதாநாயகன் ஏதாவது சொல்ல, இவன் கண்ணை உருட்டி “இன்னாஆஆ?” என்று இழுக்கவேண்டும். தியேட்டர் சிரிக்கும். இப்படிப் பேசுகிறவர் யாரையும் காசிமேட்டில் நான் பார்த்ததில்லை. அங்கே ‘இன்னா’ என்பது கறிவேப்பிலையைக் கிள்ளுவதுபோல ஒரு சின்னச் சொல், சொன்னதும் முடிந்துவிடும். ஒருநாள் என் கடைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தவன் சொன்னான்: “எங்கப்பா போன போட்டு கடல்ல கவுந்துடுச்சுன்னு வந்து சொன்னாங்க இல்ல, அன்னிக்கு எங்கம்மா இன்னான்னு ஒரு வார்த்ததான் கேட்டுச்சு மாமு. இழுக்கல. இவனுங்களுக்கு இழுத்தாதான் அது எங்க பாஷ.”

கடைசிப் படத்தில் அவனுக்கு அந்தக் காட்சியே கிடைத்தது. தம்பி போன படகு திரும்பவில்லை என்று கரையில் வந்து சொல்கிறார்கள். அண்ணனாக நிற்கும் இவன் ஒரே ஒரு ‘இன்னா’ கேட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிடவேண்டும். டைரக்டரிடம் பேசி, இழுக்காமல் சொல்ல அனுமதி வாங்கியிருந்தான். ஒரு மாதமாக அதைத் தவிர வேறு பேச்சே இல்லை அவனுக்கு. படப்பிடிப்பு முடிந்தது. குரல் பதிவுக்குப் போகும் முன் அவன் போய்விட்டான்.

கரையில் பதிவான குரலை அப்படியே போட முடியாது, படகு எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது என்றார்கள். அவன் குரலில் பேச நான்தான் சரியானவன் என்று யாரோ சொல்லி, எனக்கு அழைப்பு வந்தது. போகலாமா என்று அவன் மனைவியைக் கேட்டேன். அவள் எண்ணூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறாள், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சொன்னாள்: “நீயே பேசுண்ணா. ஆனா அந்த ஒரு சீன்ல சனம் சிரிக்கக்கூடாது. அவரு அதத்தான் சொல்லிகினு இருந்தாரு.”

சிரிக்காது, நான் பொறுப்பு என்றேன்.

குரல் பதிவுக்காகச் சாலிகிராமம் ஸ்டூடியோவுக்குப் போன அன்று கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். மூன்று இடத்தில் டீ குடித்தேன். மனசுக்குள் துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் குதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நானும் சினிமாவுக்குள் போகிறேன் என்பதுதான் அது.

ஹெட்போனை மாட்டினார்கள். டபடபவென்று எஞ்சின். அதற்கு அடியில் அவன் குரல், சின்னதாக. மற்ற காட்சிகளையெல்லாம் மதியத்துக்குள் முடித்தேன். அந்தக் காட்சி வந்தது. அவன் வாயைப் பார்த்து, அவன் சொன்ன அளவுக்கே சொன்னேன். நான்காவது தடவை சரியாக அமைந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். அத்தோடு எழுந்து வந்திருக்கவேண்டும்.

டைரக்டர் மைக்கில் வந்தார். சின்னப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார். ரசிகர்கள் அவரிடம் எதிர்பார்க்கிற ஒன்று இருக்கிறதே, சேஃப்டிக்கு அவர் பாணியில் ஒரு டேக் கொடுத்துவிடுங்கள், எடுத்து வைத்துக்கொள்கிறோம் என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் கேட்ட கேள்வி, எவ்வளவு இழுக்கவேண்டும் என்பது.

இழுத்தேன். சும்மா இல்லை, கண்ணை உருட்டி, இரண்டு கையையும் விரித்து இழுத்தேன். மைக்குக்குக் கை தெரியாது என்பதுகூட மறந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். அப்படியே அவர்தான் சார், என்றார் ஒலிப்பதிவாளர். வாசலில் செருப்பை மாட்டும்போதே எனக்குத் தெரியும், எதைப் போடப்போகிறார்கள் என்று. திரும்பிப் போய் அதை அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கதவுகூட மூடவில்லை. அடுத்த படத்துக்கும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நான் பஸ் பிடிக்கப் போனேன்.

படம் வந்தது. ராயபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தியேட்டர், பகல் ஆட்டம். அவன் மனைவி, அவன் அம்மா, அவர்கள் தெருவே வந்திருந்தது. அம்மா மீன் கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். நான் அவன் மனைவிக்கு அடுத்த சீட். காட்சி நெருங்க நெருங்க எனக்கு வியர்த்தது. ஒருவேளை சரியானதையே போட்டிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. வெளியே போய்வருகிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்தேன், உட்காருண்ணா, இப்போ வரும் என்றாள்.

வந்தது. கரை, எஞ்சின் சத்தம், ஓடி வருகிற ஆட்கள். அவன் முகம் திரை முழுக்க. அந்த முகத்தில் ஒரு துளி விளையாட்டு இல்லை, கண் செத்துவிட்டிருந்தது. அந்த முகத்திலிருந்து என் “இன்னாஆஆ?” வந்தது.

தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் விசில். என் குரலுக்கு ஒரு தியேட்டரே சிரித்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது எனக்கு. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது. அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் அவன் அம்மா ஒருத்தர்தான் மணலில் உட்காரும் மகனைப் பார்த்து, ஐயோ என்றார்.

வெளியே வந்ததும், பார்க்கிங் பக்கத்தில், அவள் நேராகவே கேட்டாள். நீ இழுத்தியாண்ணா?

“இல்லம்மா. நான் சரியாத்தான் சொன்னேன். அவங்க மெஷின்ல மாத்திட்டாங்க.”

என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்வையை ஸ்கூட்டர்கள் பக்கம் திருப்பினேன்.

“நீ இன்னாண்ணா பண்ணுவ, வுடு. அவரு இருந்தப்பவே அப்டித்தான பண்ணானுங்க.”

பிறகு தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கேட்காதவர்களிடமும் அவள் போய்ச் சொன்னாள்: எங்கண்ணன் கரெக்டாதான் பேசினாரு, அந்த ஆளுங்கதான் மெஷின்ல மாத்திட்டானுங்க. அவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் எல்லாரிடமும் சொல்லி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.